வருமுன் கேட்க வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 26 அன்று மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழமுள்ள கடலில், ஆயில் இந்தியா நிறுவனம் துளையிட்ட ‘ஸ்ரீவிஜயபுரம்-2’ என்ற கிணற்றில் இயற்கை எரிவாயு தென்பட்டிருக்கிறது. மாதிரியைக் கப்பலேற்றிக் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதில் 87 விழுக்காடு மீத்தேன். எவ்வளவு வாயு இருக்கிறது, எடுத்து விற்றால் கட்டுபடியாகுமா என்பதெல்லாம் இனிமேல் அளந்து பார்க்க வேண்டியவை. ஆசை மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்பே, அந்தமான் கடலில் கயானா அளவுக்கு எண்ணெய் கிடைக்கக்கூடும் என்று அமைச்சர் பேசியிருந்தார்.

போர்ட் பிளேரில் குடியிருப்பவருக்கு இந்தச் செய்தி இனிக்கும். அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கே வீட்டு விளக்கு பெரும்பாலும் டீசலில் எரிகிறது. டீசல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது. தீவுக்காரர்கள் எந்த மொழி பேசினாலும் இந்தியப் பெருநிலத்தை மெயின்லேண்டு என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு தூரமும் ஓர் எதிர்பார்ப்பும் இருக்கிறது. அரிசியும் சிமென்டும் மருந்தும் அங்கிருந்துதான் வர வேண்டும். நோய் முற்றினால் நோயாளி சென்னைக்குப் போக வேண்டும். அரசு வேலை, அது கிடைக்காவிட்டால் டி.ஆர்.எம். எனப்படும் தினக்கூலி அரசு வேலை. இதுவே பல குடும்பங்களின் பிழைப்பு. எல்லாவற்றுக்கும் பணம் டெல்லியிலிருந்து வருகிறது. இப்படி வாழ்கிறவர்களிடம் போய், உங்கள் கடலுக்கடியிலேயே செல்வம் இருக்கிறது என்று சொன்னால், இனி யாரிடமும் கையேந்த வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பில் பேராசை இல்லை, மானம் இருக்கிறது.

ஆகவே கேள்வியை அந்த மானத்திலிருந்தே தொடங்குவதுதான் முறை. பூமிக்கடியில் கிடைப்பதை விற்று ஓர் அரசை நடத்துவது அறமாகுமா? அப்படி நடந்தால் அந்த அரசு யாருக்குக் கடமைப்பட்டது? வாயு வெளியே வந்த பிறகு இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது. பணம் வரத் தொடங்கினால் பதிலும் அந்தப் பணத்திலிருந்தே வரும்.

முதலில், அந்த வாயு யாருடையது? அரசியல் சாசனத்தின் 297ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கரையோரக் கடற்பரப்பு, கண்டத் திட்டு, தனிப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றின் அடியில் உள்ள நிலமும் கனிமமும் மதிப்புள்ள எல்லாப் பொருள்களும் ஒன்றிய அரசுக்கு உரியவை. நிலத்தில் எடுத்தால் கதை வேறு. அசாமிலும் குஜராத்திலும், நம் நரிமணத்திலும் எடுக்கும் எண்ணெய்க்கு மாநில அரசுக்கு ராயல்டி போகிறது. கடலில் எடுத்தால் அது டெல்லிக்குப் போகிறது. அந்தமான் நிகோபார் மாநிலமும் இல்லை. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. அதன் வரவு செலவு உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் ஒரு பகுதியாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது. எனவே இன்றைய சட்டப்படி ஸ்ரீவிஜயபுரம்-2இல் வாயு கொட்டினாலும், அந்தப் பெயரைத் தாங்கிய ஊருக்கு உரிமையென்று ஒரு ரூபாயும் கிடையாது. மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு.

இதை அநியாயம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 297ஆவது பிரிவுக்குப் பின்னால் ஒரு வலுவான அறம் இருக்கிறது. கடலடியில் வாயு உருவானதற்குப் போர்ட் பிளேரில் பிறந்தவர் எதுவும் செய்யவில்லை. பீகாரின் வறண்ட கிராமத்தில் பிறந்தவரும் எதுவும் செய்யவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. கிணறு பக்கத்தில் அமைந்துவிட்டது என்பதற்காக அவ்வளவு பேர் மட்டும் செழிக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் நியாயம் குறைவு. பிறந்த இடத்தின் அதிர்ஷ்டத்தை உரிமையாக்கக் கூடாது என்ற எண்ணம் உயர்ந்தது. நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை.

ஆனால் பொதுச் சொத்து என்று சொன்னால் அதன் நட்டமும் பொதுவாக இருக்க வேண்டும். சறுக்கல் அங்கேதான். இலாபம் நூற்று நாற்பது கோடிப் பேருக்குப் பிரிகிறது. விபத்து நேர்ந்தால் அது கிணற்றடியில் இருப்பவர் தலையில் மட்டும் விழுகிறது. அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்ற ஊர். அங்கே ஆயில் இந்தியாவின் கிணறு ஒன்று 2020 மே 27 அன்று கட்டுப்பாடிழந்து வாயுவைக் கக்கியது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். தீயை முற்றாக அடக்க நவம்பர் ஆனது. பக்கத்தில் மாகுரி-மோட்டாபுங் ஈரநிலம். மீன்பிடித்தும் எருமை மேய்த்தும் பிழைத்தவர்கள் அதன் கரையில் இருந்தார்கள். புல்லின் மீதும் தேயிலை இலை மீதும் எண்ணெய்ப் படலம். வீடுகளை விட்டு நிவாரண முகாம்களுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பாக்ஜான் வாயுவில் டெல்லிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் பங்கு இருந்தது. பாக்ஜான் தீயில் இல்லை. இத்தனைக்கும் அசாம் மாநிலம், ராயல்டி பெறும் மாநிலம், சட்டமன்றமும் அமைச்சரவையும் உள்ள மாநிலம். ‘இரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்’ என்று முழங்கி, 1980இல் கச்சா எண்ணெய் வெளியே போகாமல் தடுத்துப் பார்த்த மாநிலம். அந்தமானில் அப்படி முழங்கக்கூட ஒரு மன்றம் இல்லை.

அந்தமான் கடலின் தரை சாதுவான தரையும் இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே பாரன் தீவில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கடலில் துளையிடவே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஆபத்தைச் சுமக்கிறவருக்கு, சுமக்கச் சம்மதமா என்ற கேள்வி வைக்கப்பட வேண்டும். பங்கு கேட்கும் உரிமைக்கு முன்னால் நிற்பது இந்த உரிமை. இதைக் கேட்காமல் பின்னால் எத்தனை கோடி கொடுத்தாலும் அது நஷ்ட ஈடுதான், நியாயம் ஆகாது.

சரி, ஒருவேளை பங்கு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் திருத்தி, தீவு நிர்வாகத்துக்கு ஆண்டுதோறும் வாயுப் பணம் வருகிறது. சம்பளம், ஓய்வூதியம், கப்பல் கட்டண மானியம், பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து நடக்கின்றன. இதில் என்ன தவறு?

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க எண்ணெய்க் கிணறு வரை போக வேண்டாம். தெருமுனை வரை போனால் போதும். 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. இன்று அதிலிருந்து அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. பூரண மதுவிலக்கு, படிப்படியான மதுவிலக்கு என்று மாறி மாறி வாக்குறுதி கேட்டாயிற்று. 2016இல் 500 கடைகளை மூடியும் பார்த்தாயிற்று. எந்த ஆட்சியாலும் மதுவிலக்கு வரை நகர முடியவில்லை. ஆட்சியில் இருப்பவர்களுக்கு மனசாட்சி இல்லை என்று இதை முடித்துவிடுவது எளிது, ஆனால் அது உண்மையின் பாதிதான். மாணவிக்கு மாதம் போகும் உதவித்தொகையும், முதியவருக்குப் போகும் பணமும், ஆசிரியரின் சம்பளமும் அந்தக் கல்லாவோடு கலந்துவிட்டன. கடையை மூடு என்று சொல்கிற தாய்க்கும், அந்தக் கடையின் வருமானத்தில் பேருந்தில் இலவசமாகப் போகிற தாய்க்கும் முகம் ஒன்றாகிவிட்டது. கடையைத் திறந்த நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இருபது ஆண்டு கழித்துக் கேட்கிறோம். வருவாயாகப் பழகிவிட்ட ஒன்றைத் தவறு என்று ஒப்புக்கொள்ள எந்தக் கருவூலத்தாலும் முடிவதில்லை. பெட்ரோலும் அப்படியே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்தே வெளியே வைத்தன. அந்த வரியை விட யாருக்கும் மனமில்லை. தமிழ்நாட்டில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரிலும் மாநில அரசு வாழ்கிறது. போர்ட் பிளேரிலோ பெட்ரோலுக்கு வாட் வரி ஒரு விழுக்காடுதான். அந்த வகையில் தீவு இன்னும் பழகாத ஊர்.

ஆனால் தீவுகளுக்கு வேறொரு பழக்கம் இருந்தது, மரம். சாத்தம் தீவில் 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை ஆசியாவின் பெரிய ஆலைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. படாக், கர்ஜன் என்று வெட்டி, யானை இழுத்து, கடலோரம் சேர்த்து, சாத்தமுக்குக் கொண்டுவருவார்கள். நெடுங்காலம் நிர்வாகத்துக்கு வருமானம் காட்டிய துறை வனத்துறைதான். வெட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தபோது 1918 முதல் சோட்டா நாக்பூர் பழங்குடிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ‘ராஞ்சிகள்’ என்று பெயர் வைத்தார்கள். காட்டைத் திறந்தவர்கள் அவர்கள், காட்டை இழந்தவர்கள் தீவுகளின் ஆதிக்குடிகளான ஜாரவாக்களும் கிரேட் அந்தமானியர்களும் ஓங்கேக்களும். அந்த வருமானத்தில் இந்த இரு தரப்புக்கும் பங்கென்று சொல்ல எதுவும் இல்லை. ராஞ்சிகளுக்குத் தீவுகளில் பட்டியல் பழங்குடித் தகுதிகூடக் கிடைக்கவில்லை.

வெட்டுவதை நிறுத்தச் சொன்னதும் தீவு நிர்வாகம் அல்ல. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, வணிகத்துக்காக மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. ஜாரவா காட்டை ஊடறுத்துப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை மூடவும் சொன்னது. சாலை மூடப்படவே இல்லை. அது தனிக் கதை. மரத்தின் விளைவை மட்டும் பார்ப்போம். 1977இல் தொடங்கிய வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் மரத்தை நம்பி நின்ற நிறுவனம். தடை வந்ததும் சரிந்தது. சம்பளம் கொடுக்கவே மத்திய அரசின் கடன் வேண்டியிருந்தது. பிறகு அதை மூட முடிவானது. அதே கழகத்தின் கையில்தான் கச்சால் தீவின் ரப்பர் தோட்டமும் இருந்தது. 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் சிலர் குடியமர்த்தப்பட்ட தோட்டம் அது. கண்டிச் சீமையில் தேயிலை கிள்ளியவர்களின் பிள்ளைகள், நிகோபார்த் தீவொன்றில் ரப்பர் பால் வெட்டினார்கள். காட்டு மரம் ஒன்றையும் வெட்டி விற்காதவர்கள். ஆனாலும் வடக்கே படாக் மரத்தில் விழுந்த தடை தெற்கே அவர்கள் கூலியிலும் விழுந்தது. ஒற்றை வருவாயின் மேல் ஊரைக் கட்டினால் அது சரியும்போது குற்றவாளியையும் அப்பாவியையும் பிரித்துப் பார்த்துச் சரிவதில்லை.

இதைவிட ஆழமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று நிகோபாரில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நிகோபாரியரின் வாழ்வு ‘துஹேத்’ என்ற பெருங்குடும்பத்தின் மேல் நிற்பது. ஒரு துஹேத்தில் பல தலைமுறைகள், பல அடுப்புகள். தென்னந்தோப்பும் பன்றியும் நிலமும் துஹேத்தின் பொதுவில் இருக்கும். குடும்பத் தலைவர் பகிர்ந்து கொடுப்பார். ஒருவர் தன் இஷ்டத்துக்கு நிலத்தை விற்றுவிட முடியாது. அனாதை என்று ஒரு பிள்ளையும் பசியென்று ஒரு கிழவியும் தனியே நிற்க இடமில்லாத ஏற்பாடு. 2004 ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அடித்துப்போனது; தோப்புகளும் போயின. உயிர் தப்பியவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், கொடுத்தது சரிதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் இருந்த ‘குடும்பம்’ கணவன், மனைவி, பிள்ளைகள். துஹேத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. காசோலைகள் தனித்தனிப் பெயர்களில் வந்தன. பலர் அதற்காகவே முதல் முறையாக வங்கிக் கணக்குத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிள் வந்தது, தொலைக்காட்சி வந்தது, மது பெருகியது. பொதுவில் இருந்ததைப் பிரித்துக் கேட்கும் சண்டையும் வந்தது. நிகோபாரில் நெடுங்காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்றவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும்; பணம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இதைச் சொல்வது நிகோபாரியரைக் குறை சொல்ல அல்ல. பணம் கண்ட எவரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். தவறு முகவரியில் நேர்ந்தது. யார் பெயருக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், அந்த மக்கள் தங்களை எப்படி ஒரு குடும்பமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதே தொகை தோப்பாகத் திரும்பியிருக்கும். வாயுப் பணத்துக்கும் இதே முகவரிக் கேள்வி நிற்கிறது. அது தீவு நிர்வாகத்தின் பெயருக்கு வருமா, ஊராட்சியின் பெயருக்கா, பழங்குடிச் சபைகளின் பெயருக்கா, இன்னும் பிறக்காதவர்களின் பெயருக்கா?

பிறக்காதவர்களின் பெயருக்கு என்று ஒரு நாடு எழுதியது. நார்வே 1990இல் சட்டம் இயற்றி, எண்ணெய்ப் பணத்தை ஒரு நிதியில் போட்டு, பிறகு அதன் எதிர்பார்க்கப்படும் ஈட்டத்தை மட்டும் செலவழிக்கும் வழக்கத்தை வைத்தது. எல்லோரும் இந்த உதாரணத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து அப்படியே நிதி தொடங்கிய கிழக்குத் தைமூரை யாரும் காட்டுவதில்லை. தீவுக்காரர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். 2002இல் விடுதலை, 2005இல் பெட்ரோலிய நிதி. விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் வேறு வருமானம் வளராததால், அரசு பல ஆண்டுகள் நிதியிலிருந்து விதி குறித்த அளவைவிட அதிகமாக எடுத்தது. பாயு-உந்தான் வயல் 2025இல் வற்றி நின்றது. நவுரு இன்னும் கொடிய உதாரணம். 21 சதுர கிலோமீட்டர் தீவு, பாஸ்பேட் தோண்டி ஒருகாலத்தில் உலகின் செல்வந்த நாடுகளோடு எண்ணப்பட்டது. தோண்டிய நடுத்தீவு இன்று பாறைப் பற்களாகக் கிடக்கிறது. சேமிப்பு தவறான முதலீடுகளில் கரைந்தது. தீவு சிறிதாக இருந்தால் தவறு செய்ய இரண்டாவது இடம் கிடையாது.

அலாஸ்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மாநில அரசு, பணக்கார நாட்டின் பகுதி, 1976 முதல் நிரந்தர நிதி வைத்திருப்பது, 1982 முதல் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பங்குத்தொகை கொடுப்பது. வருமான வரியை 1980இல் நீக்கியது. பார்க்க எல்லாம் அழகு. ஆனால் எண்ணெய் விலை 2014இல் சரிந்ததும், ஒவ்வோர் ஆண்டும் அங்கே அரசியல் ஒரே கேள்விக்குச் சுருங்கியது: இந்த வருடம் காசோலை எவ்வளவு? 2016இல் ஆளுநர் பில் வாக்கர் பங்குத்தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். அதோடு அவர் அரசியலும் தேய்ந்தது. பள்ளியா, பங்குத்தொகையா என்று பெற்றோரையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தும் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. வரி கட்டாத குடிமகன் அரசிடம் கணக்குக் கேட்பதைவிடப் பங்கு கேட்கவே பழகுகிறான். அரசும் அவனிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லாததால் அவனைக் கேட்காமலே நடக்கப் பழகுகிறது.

அந்தமானில் இந்தப் பழக்கம் வாயு வருவதற்கு முன்பே இருக்கிறது. தீவு நிர்வாகம் தீவு மக்களின் வரியால் நடப்பதில்லை. டெல்லியின் பணத்தால் நடக்கிறது. எனவே அது தலையைத் திருப்பிப் பதில் சொல்வதும் டெல்லியிடம்தான். துணைநிலை ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுத்து அனுப்புவது ஒரே ஒரு மக்களவை உறுப்பினரை. ஜில்லா பரிஷத்தும் நகராட்சியும் ஊராட்சிகளும் இருக்கின்றன. நிகோபாரில் பழங்குடிச் சபைகள் இருக்கின்றன. அவற்றின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதைக் கிரேட் நிகோபார் திட்டத்தில் பார்த்தோம். கலத்தியா வளைகுடாவில் துறைமுகம், நகரம், விமான நிலையம், எரிவாயுவும் சூரிய ஒளியும் கொண்ட மின் நிலையம் என்று விரியும் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக, 2022 நவம்பரில் கிரேட் நிகோபார், லிட்டில் நிகோபார் பழங்குடிச் சபை கடிதம் எழுதியது. முழு விவரம் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றது. திட்டம் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் நடக்கும் என்றால், முதலில் சரி என்று சொல்லக் கேட்டதற்குப் பொருள் இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தன் சொந்தச் செல்வத்தால் வாழும் தீவு, மானியத்தால் வாழும் தீவைவிடச் சுதந்திரமானது இல்லையா? கையேந்துவதைவிட வாயு விற்பது மேல் இல்லையா? மேல்தான், விற்பது தீவாக இருந்தால். கிணற்றின் சாவி டெல்லியிடமும் ஒரு நிறுவனத்திடமும் இருந்து, தீவுக்கு மாதச் செலவு மட்டும் வந்தால், கையேந்தும் கை மாறவில்லை. கொடுப்பவர் பெட்டியில் பணம் கூடியிருக்கிறது, அவ்வளவே. கயானாவை உதாரணமாகச் சொன்னார்களே, அங்கே 2015இல் எண்ணெய் கண்டுபிடித்தபின் 2016இல் எக்ஸான்மொபில் கூட்டணியோடு போட்ட ஒப்பந்தத்தில் ராயல்டி 2 விழுக்காடு. குறைவு என்று பிறகு விமர்சனம் எழுந்தது, ஆட்சியும் மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. சுதந்திர நாட்டுக்கே அந்த நிலை. தொடக்கத்தில் எழுதியதுதான் கடைசி வரை நிற்கும்.

அதனால் தீவுகளின் சார்பில் கேட்க வேண்டியவற்றை இப்போதே கேட்க வேண்டும். பணம் எவ்வளவு என்பது அதில் கடைசி. முதலில், கடலில் துளையிடுவது பற்றிய முடிவில், ஊராட்சிகளுக்கும் நிகோபார்ப் பழங்குடிச் சபைகளுக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை சட்டத்தில் வர வேண்டும். பேசத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஜாரவாக்களும் ஓங்கேக்களும் சென்டினல் தீவினரும் தங்கள் கரையில் எவரும் இறங்க வேண்டாம் என்பதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். அதற்கு வேறு விண்ணப்பம் தேவையில்லை. கிணறு வெடித்தால் மீனவருக்கு யார், எத்தனை நாளில், எவ்வளவு கொடுப்பது என்று துளையிடும் முன் எழுதி, அந்தத் தொகையைத் தனியே கட்டிவைக்க வேண்டும். பாக்ஜான்காரர்களைப் போல வாசல் வாசலாக அலையவிடக் கூடாது. கடலடிச் செல்வம் நாட்டுக்கே பொது என்பதை ஏற்கலாம். அதில் தீவுக்கென ஒரு பங்கு ஒதுக்கினால், அது சம்பளத்துக்கும் மானியத்துக்கும் போகாமல், துஹேத்தின் தென்னந்தோப்பைப் போல எவரும் தனியே விற்க முடியாத நிதியாக நிற்க வேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம் மக்களின் வரியிலிருந்தும் நாட்டின் கடமையிலிருந்தும் வரட்டும். ஆசிரியரின் சம்பளம் கிணற்றிலிருந்து வரத் தொடங்கினால், கிணற்றைப் பற்றி வகுப்பறையில் உண்மை பேச அவருக்கே தயக்கம் வரும்.

இதையெல்லாம் கேட்கத் தீவில் ஒரு சட்டமன்றம் இல்லை என்பதால், கேட்கும் பொறுப்பு மெயின்லேண்டில் இருக்கும் நமக்கும் உண்டு. தீவு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். நம் ஊர்களிலிருந்து போன பிள்ளைகளும், கண்டியிலிருந்து கச்சாலுக்குப் போனவர்களும் அதில் அடக்கம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நம் உழவர்கள் கேட்ட கேள்வியைச் சட்டமன்றம் 2020இல் காவிரி டெல்டாப் பாதுகாப்புச் சட்டமாக எழுதியது. கேட்க ஒரு மன்றம் இருந்தது, அதனால் எழுத முடிந்தது. அந்த மன்றத்துக்கு ஆள் அனுப்பும் நாம், அது இல்லாதவர்களுக்காகவும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

அந்தமான் கடலின் இந்தியப் பகுதியிலிருந்து விற்பனைக்கு இன்னும் ஒரு கனமீட்டர் வாயுகூட எடுக்கப்படவில்லை.